பேக்கிங் பவுடருக்கு மாற்று, யாருடைய பத்தியத்துக்கு?

பேக்கிங் பவுடர் தீர்ந்துவிட்டால் ஒவ்வொரு தேக்கரண்டிக்கும் பதிலாகக் கால் தேக்கரண்டி சமையல் சோடாவும் அரைத் தேக்கரண்டி கிரீம் ஆஃப் டார்ட்டர் என்ற அமிலப் பொடியும் போடுங்கள், கேக் அதே மாதிரி எழும்பும் என்று சமையல் புத்தகங்களும் வீடியோக்களும் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. டப்பா காலியானவருக்கு இது நல்ல யோசனைதான். மருத்துவர் விலக்கச் சொன்னதால் மாற்றுத் தேடுகிறவரிடமும் இதே வரியை எடுத்து நீட்டுகிறார்களே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ரத்த அழுத்தம் உள்ளவருக்கும், சோளம் ஒவ்வாதவருக்கும், சிறுநீரகம் பழுதானவருக்கும் ஒரே பட்டியல். நோய் என்ன என்று கேட்காமலே மருந்து எழுதிக் கொடுக்கும் வேலை இது. அப்பாவுக்கு டயாலிசிஸ் தொடங்கிய ஆண்டில், கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களில், இந்த வரி எங்கள் வீட்டுக்குள்ளும் வந்தது. அன்றிலிருந்து மனதில் உறுத்திக்கொண்டிருப்பதை இங்கே எழுதிவிடுகிறேன்.

எங்கள் வீடு தூத்துக்குடியில். டிசம்பர் பிறந்துவிட்டால் வீட்டில் கேக் மணம் அடங்காது. அப்பாவுக்குச் சர்க்கரை நோய் கிடையாது; நெடுங்காலம் கவனிக்காமல் விட்ட ரத்த அழுத்தம்தான் சிறுநீரகங்களைக் கெடுத்தது. டயாலிசிஸ் பிரிவில் இருந்த டயட்டீஷியன் கொடுத்த தாளில் இளநீர், வாழைப்பழம், கருவாடு, பால், கோலா பானம் என்று வரிசையாக வந்து, கடைசியில் 'பேக்கிங் பவுடர் சேர்த்த பண்டங்கள்' என்று இருந்தது. அம்மா அந்த வரியை விரலால் தொட்டு, "கேக்கில் ஒரு கரண்டி பவுடர்தானே போடுகிறோம், அதில் என்ன வந்துவிடப் போகிறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. இளநீரை நிறுத்தியபோதுகூட அம்மா இப்படிக் கேட்கவில்லை. ஆனால் அப்பாவுக்குக் கிறிஸ்துமஸ் கேக்கை மறுப்பது அவருக்கு வேறு விஷயம்.

அந்த ஒரு கரண்டியில் வருவது பாஸ்பரஸ். பேக்கிங் பவுடர் என்பது சமையல் சோடா, அதனோடு வினைபுரிய உலர்ந்த அமிலப்பொருள் ஒன்று, இரண்டும் டப்பாவுக்குள்ளேயே வினைபுரிந்துவிடாமல் காக்க மாவுச்சத்து, இவ்வளவுதான். அந்த அமிலப்பொருள் பெரும்பாலும் ஒரு பாஸ்பேட் உப்பாக இருக்கும். டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் 450 என்றோ 341 என்றோ சேர்பொருள் எண் இருந்தால் அது பாஸ்பேட். பழுதான சிறுநீரகம் பாஸ்பரஸை வெளியேற்றாது. டயாலிசிஸும் அதை முழுதாக நீக்காது. ரத்தத்தில் தேங்கும் பாஸ்பரஸ் கால்சியத்தோடு சேர்ந்து ரத்தக் குழாய்ச் சுவர்களில் படிகிறது. பாராதைராய்டு சுரப்பி முடுக்கிவிடப்பட்டு எலும்பிலிருந்து கால்சியம் கரைகிறது. நோயாளிக்கும் வீட்டாருக்கும் கண்ணில் படுவது அரிப்பு. அதற்கு வேறு காரணங்களும் உண்டு, இதுவும் ஒன்று. நள்ளிரவில் அப்பா எழுந்து வந்து கதவு நிலையில் முதுகைத் தேய்த்துக்கொண்டு நிற்பார். விளக்கைப் போட்டால் சங்கடப்படுவார் என்று நாங்கள் படுத்தபடியே கேட்டுக்கொண்டிருப்போம்.

பாஸ்பரஸ் இல்லாத உணவு ஏது? பருப்பில் இருக்கிறது, இறைச்சியில் இருக்கிறது, முட்டையில் இருக்கிறது. ஆனால் தானியத்திலும் பருப்பிலும் உள்ளதில் பெரும்பகுதி பைட்டேட் என்ற சேர்மமாகக் கட்டுண்டு கிடக்கிறது. நம் குடல் அதில் பாதிக்கும் குறைவாகவே எடுத்துக்கொள்ளும். இறைச்சியிலும் பாலிலும் இருப்பதில் ஏறக்குறைய பாதி உடலில் சேரும். பேக்கிங் பவுடரில் சேர்க்கப்படும் பாஸ்பேட் உப்போ, கோலாவில் சேர்க்கப்படும் பாஸ்பாரிக் அமிலமோ எதிலும் கட்டுப்படாதது. நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் ரத்தத்தில் கலந்துவிடும். எனவே தாளில் உள்ள மில்லிகிராம் கணக்கை மட்டும் வைத்துப் பருப்பையும் பவுடரையும் ஒரே தராசில் நிறுத்த முடியாது. முழுக்க பாஸ்பேட் அமிலத்தால் ஆன பவுடரில் ஒரு தேக்கரண்டிக்கு ஏறத்தாழ 450 மில்லிகிராம் பாஸ்பரஸ். சிறுநீரக நோயாளிக்கு நாள் முழுவதற்கும் வழக்கமாகச் சொல்லப்படும் உச்ச அளவு 800 முதல் 1000 மில்லிகிராம். இரண்டு தேக்கரண்டி போட்ட கேக்கை எட்டாக வெட்டினால் ஒரு துண்டில் 110-க்கு மேல், அதுவும் பவுடரிலிருந்து மட்டும். அம்மாவிடம் இந்தக் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டினேன். அவர் மறுபேச்சுப் பேசாமல் டப்பாவை மேல் அலமாரியில் ஏற்றிவிட்டார்.

சோடியம் அலுமினியம் சல்பேட் கலந்த பவுடர்களில் பாஸ்பரஸ் குறைவு. தேக்கரண்டிக்கு 100 மில்லிகிராம் அளவில்தான் வரும். அதை வாங்கலாமே என்று தோன்றும். ஆனால் அலுமினியத்தை வெளியேற்றுவதும் சிறுநீரகம்தான். டயாலிசிஸ் நோயாளிகளின் உடலில் அலுமினியம் சேர்ந்து எலும்பையும் மூளையையும் பாதித்த வரலாறு 1970-களில் இருந்தே பதிவாகியிருக்கிறது. அப்போது அது வந்தது டயாலிசிஸுக்குப் பயன்பட்ட தண்ணீரிலிருந்தும், பாஸ்பரஸைக் கட்டுப்படுத்தக் கொடுத்த மாத்திரைகளிலிருந்தும். கேக்கிலிருந்து வருவது அந்த அளவுக்கு இருக்காது. இருந்தாலும் அப்பாவுக்கு நான் அதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

நோயாளிக்காகப் பிறந்த பவுடர்

இந்தப் பொருளின் வரலாற்றைப் படித்தபோது எனக்கு வந்த வருத்தம் இன்னும் போகவில்லை. பேக்கிங் பவுடரே ஒருவரின் உணவுக் கட்டுப்பாட்டுக்காகப் பிறந்தது. இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் மருந்துக்கடை வைத்திருந்த ஆல்ஃபிரட் பேர்டின் மனைவி எலிசபெத்துக்கு முட்டையும் ஈஸ்ட்டும் ஒத்துக்கொள்ளாது. அவருக்காகவே 1837-இல் முட்டையில்லாத கஸ்டர்ட் பவுடரையும், 1843-இல் ஈஸ்ட் இல்லாமல் ரொட்டியை எழுப்பும் பவுடரையும் ஆல்ஃபிரட் உருவாக்கினார். வீட்டில் ஒருவர் சாப்பிட முடியவில்லையே என்ற தவிப்பில் பிறந்த பொருள் அது. அடுத்த கட்டம் அமெரிக்காவில். ஹார்வர்டில் பேராசிரியராக இருந்த எபென் ஹார்ஸ்ஃபோர்ட் 1856-இல் கால்சியம் பாஸ்பேட் அமிலத்துக்குக் காப்புரிமை பெற்றார். தொடக்கத்தில் அதை எலும்பிலிருந்து எடுத்தார்கள். கோதுமையைத் தீட்டி வெள்ளை மாவாக்கும்போது போய்விடும் பாஸ்பேட்டைத் தன் பவுடர் திருப்பிக் கொடுக்கிறது, ஆகவே அது சத்து என்று அவர் உண்மையாகவே நம்பினார். அவர் காலத்து உழைப்பாளியின் வீட்டுக்கு அது சரியாகவும் இருந்திருக்கலாம். அவர் சத்தென்று சேர்த்தது எங்கள் வீட்டில் ஒருவரைத் தூங்கவிடாத பொருளாக வந்து நிற்கிறது. இருவரும் அக்கறையோடுதான் செய்தார்கள். ஆனால் ஆல்ஃபிரட் பேர்டுக்குத் தான் யாருக்காகச் செய்கிறோம், அவருக்கு என்ன ஒத்துக்கொள்ளாது என்பது தெரிந்திருந்தது.

அண்ணி வாங்கி வந்த டப்பா

அந்த டிசம்பரில் சென்னையிலிருந்து வந்த அண்ணி, பெட்டியைத் திறந்ததும் முதலில் எடுத்து என் கையில் வைத்தது ஒரு சிறிய டப்பா. "மாமாவுக்குப் பவுடர் கூடாது என்று சொன்னாயே, இதைப் போட்டு சோடா சேர். பாஸ்பேட்டே கிடையாது" என்றார். கிரீம் ஆஃப் டார்ட்டர். அவர் சொன்னது சரி, அதில் பாஸ்பேட் கிடையாது. டப்பாவைத் திருப்பினேன். 336 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் பொட்டாசியம் என்று இருந்தது. திராட்சை ரசம் புளிக்கும் பீப்பாய்களின் உட்புறம் படியும் உப்பைச் சுத்தம் செய்து எடுப்பதுதான் இது, பொட்டாசியம் பைடார்ட்டரேட். ஒரு தேக்கரண்டி மூன்று கிராம் எடை. அதில் ஏறத்தாழ 495 மில்லிகிராம் பொட்டாசியம். நடுத்தர அளவு வாழைப்பழம் ஒன்றில் 420 அளவில் இருக்கும். அப்பாவின் தாளில் வாழைப்பழத்துக்கு மேல் குறுக்குக் கோடு போட்டிருக்கிறார்கள். அந்த மாத ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் அளவுக்கு மேல் இருந்தது. பாஸ்பரஸ் செய்யும் கெடுதல் ஆண்டுக்கணக்கில் ஊறி வருவது. பொட்டாசியம் அப்படிக் காத்திருக்காது. அளவு மீறினால் இதயத் துடிப்பையே குலைத்துவிடும்.

அண்ணியிடம் எண்ணைக் காட்டினேன். அவர் படித்தவர், கணக்குத் தெரிந்தவர். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "இரண்டு தேக்கரண்டி பவுடருக்குப் பதிலாக இது ஒரு தேக்கரண்டிதான் போடப் போகிறோம். எட்டுத் துண்டு போட்டால் ஒன்றுக்கு அறுபது மில்லிகிராம்தானே? ஒரு துண்டு சாப்பிட்டால் ஒன்றும் ஆகாதே" என்றார். அதுவும் உண்மைதான். ஒரு துண்டில் ஆபத்து என்று சொல்லி யாரையும் பயமுறுத்த நான் விரும்பவில்லை. எனக்குப் பதில் சொல்லத் தெரியாமல் நின்றபோது, நாற்காலியில் சாய்ந்திருந்த அப்பா சொன்னார்: "அறுபது எனக்கு அனுமதி உண்டென்றால் அதைத் திராட்சையாகக் கொடுங்கள். இந்தப் பொடிக்கு என்ன ருசி இருக்கிறது?"

பிறகு இதைப் பற்றி நான் யோசித்த எல்லாமே அப்பாவின் அந்தப் பேச்சிலிருந்து தொடங்கியதுதான். அறுபது மில்லிகிராம் என்பது பத்துப் பதினைந்து உலர்திராட்சை. நாக்கில் படும், பல்லில் கடிபடும், கிறிஸ்துமஸ் கேக் என்று தெரியும். எண்ணி எண்ணிச் சாப்பிட வேண்டிய ஒருவரின் கணக்கிலிருந்து, ருசியே இல்லாத ஒரு பொடிக்காக நாம் ஏன் எடுக்க வேண்டும்? மாற்றுப் பட்டியல் போடுகிறவர்கள் கேக் எழும்புமா என்று மட்டும் பார்க்கிறார்கள். சாப்பிடுகிறவருக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று அளந்து வைத்திருக்கிறார்கள், அந்த அளவில் எதை எதற்குச் செலவழிப்பது என்பது அவருடைய உரிமை. டயட்டீஷியனிடம் தொலைபேசியில் கேட்டேன். கிரீம் ஆஃப் டார்ட்டர் வேண்டாம், திராட்சையை எண்ணிப் போடுங்கள், பாஸ்பரஸைக் கட்டுப்படுத்தும் மாத்திரையைச் சாப்பாட்டோடு போடுவது போலவே கேக்கோடும் போடச் சொல்லுங்கள் என்றார். டப்பாவை அண்ணி திரும்ப எடுத்துக்கொண்டு போனார். அவர் வீட்டில் அதைச் சாப்பிட எந்தத் தடையும் இல்லை.

'குறைந்த சோடியம்' என்று பெரிய எழுத்தில் போட்டு வரும் பேக்கிங் பவுடரும் இதே வகை. சோடியம் பைகார்பனேட்டுக்குப் பதிலாக அதில் பொட்டாசியம் பைகார்பனேட் இருக்கும். ஒரு தேக்கரண்டியில் 500 மில்லிகிராம் பொட்டாசியமும், கூடவே பாஸ்பேட்டும் வரும். சிறுநீரகம் நன்றாக இருக்கும் ரத்த அழுத்தக்காரருக்கு அது உதவும். அதே கடையில் அதே அலமாரியில் அப்பாவைப் போன்ற ஒருவர் அந்த எழுத்தைப் பார்த்து நல்லதென்று எடுத்துவிடுவார். ஊட்டச்சத்து அட்டவணையில் சோடியத்தைக் கட்டாயமாக அச்சிட வைத்திருக்கும் சட்டம் பாஸ்பரஸை அப்படிக் கேட்கவில்லை. எண்களைப் படிக்கத் தெரிந்தால்தான் தப்பிக்க முடியும் என்ற நிலை எனக்குக் கோபமூட்டுகிறது.

எலுமிச்சைக் கணக்கு

அடுத்தது சோடாவும் எலுமிச்சையும். பாஸ்பேட் இல்லை, பொட்டாசியம் மிகச் சொற்பம். இங்கேயும் பட்டியல்கள் தவறான அளவைச் சொல்கின்றன. கால் தேக்கரண்டி சோடாவுக்கு அரைத் தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு என்று எழுதுகிறார்கள். எலுமிச்சைச் சாற்றில் சிட்ரிக் அமிலம் ஐந்தாறு சதவீதம்தான். கால் தேக்கரண்டி சோடாவை முழுதாகச் செலவழிக்க ஏறக்குறைய மூன்று தேக்கரண்டி சாறு, அதாவது ஒரு மேசைக்கரண்டி வேண்டும். அரைத் தேக்கரண்டி ஊற்றினால் மிச்சச் சோடா மாவிலேயே தங்கி, ஓவன் சூட்டில் சோடியம் கார்பனேட்டாக மாறும். கேக் எழும்பத்தான் செய்யும். ஆனால் சோப்பு வாடை, நாக்கில் ஒரு கரகரப்பு, மேல்புறம் தேவைக்கு மேல் கருஞ்சிவப்பு. "எலுமிச்சை போட்டால் கேக் நன்றாக வராது" என்று பலர் சொல்வதற்குக் காரணம் எலுமிச்சை போதாமைதான். சாற்றின் ஈரம் அதிகம் என்று தோன்றினால் சிட்ரிக் அமிலப் பொடி இருக்கிறது. நான்கு பங்கு சோடாவுக்கு எடையில் மூன்று பங்கு.

200 கிராம் மைதாவுக்கு அரைத் தேக்கரண்டி சோடா, இரண்டு மேசைக்கரண்டி சாறு. சோடாவை மாவோடு சேர்த்துச் சலித்துவிட வேண்டும். சாற்றைக் கடைசியில்தான் ஊற்ற வேண்டும். ஊற்றியதும் கலவை மெல்லச் சீறும், ஓரங்களில் சிறு குமிழிகள் தட்டும், கரண்டிக்குக் கனம் குறையும். கடைப் பவுடரில் உள்ள அமிலம் பாதி வேலையை ஓவன் சூட்டுக்காக வைத்திருக்கும், எலுமிச்சை வைத்திருக்காது. அதனால் ஓவன் முன்கூட்டியே சூடாகி, தட்டு தயாராக இருக்க வேண்டும். தொலைபேசி வந்தால் எடுக்கக் கூடாது. அரைத் தேக்கரண்டி சோடாவில் 630 மில்லிகிராம் சோடியம். எட்டுத் துண்டுக்குப் பிரித்தால் ஒன்றுக்கு 80. உப்பை விட்டுவிட்டு, வெண்ணெயையும் உப்பில்லாததாக வாங்கினால் அப்பாவின் கணக்குக்குள் அடங்கும். மாவு விஷயத்திலும் ஒன்று சொல்ல வேண்டும். நல்லது என்று நினைத்து யாரும் முழுக் கோதுமை மாவுக்கு மாற வேண்டாம். மைதாவில் 100 கிராமுக்கு 110 மில்லிகிராம் அளவில் பாஸ்பரஸ்; முழுக் கோதுமையில் அதைப் போல் மூன்று மடங்கு. கட்டுண்ட பாஸ்பரஸ்தான் என்றாலும், ஊருக்கெல்லாம் கெட்டதாகச் சொல்லப்படும் மைதாவே இங்கே நல்ல பிள்ளை.

வெள்ளைக் கரு

கிறிஸ்துமஸுக்கு முன் அப்பாவைப் பார்க்க அவருடைய பழைய நண்பர் வந்தார். இளம் வயதில் ஊரில் ஒரு பேக்கரியில் மக்ரூன் போட்டவர். அம்மா, "அண்ணாச்சி, பவுடர் இல்லாமல் கேக் எழுப்ப இந்தப் பிள்ளை படாத பாடு படுகிறாள்" என்றதும் அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, "ஏம்மா, மக்ரூனுக்கு யார் பவுடர் போட்டது? முட்டைதானே தூக்குகிறது" என்றார். முட்டையின் வெள்ளைக் கரு, சர்க்கரை, முந்திரி, வேறு எதுவும் சேராத பண்டத்தைத் தின்று வளர்ந்த ஊர் இது. போர்த்துகீசியர் வழியாக வந்தது என்று ஊரில் சொல்வார்கள். மக்ரூனையே அப்பாவுக்குக் கொடுக்க முடியாது, முந்திரியில் பொட்டாசியமும் பாஸ்பரஸும் அதிகம். ஆனால் அதை எழுப்பும் காற்றுக்கு எந்த உப்பும் தேவையில்லையே!

வெள்ளைக் கருவைப் பற்றி டயட்டீஷியன் ஏற்கெனவே சொல்லியிருந்தார். டயாலிசிஸில் இருப்பவருக்குப் புரதம் கூடுதலாக வேண்டும்; பாஸ்பரஸ் வரக் கூடாது. மஞ்சள் கருவில் 65 மில்லிகிராம் அளவுக்குப் பாஸ்பரஸ் இருக்கும்போது வெள்ளைக் கருவில் ஐந்துதான். புரதமோ மூன்றரை கிராம். அவித்த வெள்ளைக் கருவைப் பார்த்தாலே அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்ளும் கட்டத்தில் இருந்தோம். ஆறு வெள்ளைக் கரு, 150 கிராம் சர்க்கரை, 65 கிராம் மைதா, சில சொட்டு எலுமிச்சை. முழுக் கேக்கிலும் ஏறத்தாழ 100 மில்லிகிராம் பாஸ்பரஸ், துண்டுக்குப் பன்னிரண்டு பதின்மூன்று. நுரை நிலைக்கக் கிரீம் ஆஃப் டார்ட்டர் போடச் சொல்லும் இடத்தில் அந்தச் சில சொட்டு எலுமிச்சையே போதும்.

அப்பாவின் நண்பர் அடுப்படிக்கே வந்து நின்று சொல்லிக் கொடுத்தார். பாத்திரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கக் கூடாது, மஞ்சள் கரு ஒரு துளி விழுந்தாலும் வேறு முட்டை எடுக்க வேண்டும். முதலில் சோப்பு நுரை போல் பெரிய குமிழிகள் வரும். அவை சிறுத்து வெண்மையானபின் சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவ வேண்டும். பளபளப்பு ஏறி, பீட்டரைத் தூக்கினால் நுனி எழுந்து லேசாகத் தலை சாய்க்கும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும் என்றார். மாவைச் சலித்து மூன்று தவணையாகத் தூவி, அடியிலிருந்து மேலே மடித்து மடித்துக் கலக்க வேண்டும். கிளறினால் காற்று போய்விடும். தட்டுக்கு நெய் தடவக் கூடாது, கேக் சுவரைப் பிடித்து ஏற வேண்டும். வெந்ததும் தட்டைக் கவிழ்த்து வைத்தே ஆறவிட வேண்டும். அப்பா இரண்டு துண்டு சாப்பிட்டார். நான் எண்ணிப் போட்ட திராட்சைகளை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தார்.

இது அப்பாவுக்கான விடை. சோளம் ஒவ்வாதவருக்குச் சிக்கலே பவுடரில் உள்ள சோள மாவுதான். அவர் சிறுநீரகம் நன்றாக இருந்தால் சோடாவும் கிரீம் ஆஃப் டார்ட்டரும் தாராளமாகப் போடலாம், சேமித்து வைக்கக் கூவைக்கிழங்கு மாவு சேர்த்துக்கொள்ளலாம். கோதுமை ஒவ்வாதவர் பவுடரில் கோதுமை மாவுச்சத்து இருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். பால் ஆகாதவருக்குத் தயிரும் சோடாவும் உதவாது. முட்டை ஆகாத சிறுநீரக நோயாளிக்கு நான் மேலே சொன்ன எலுமிச்சை வழி இருக்கிறது.

மிச்சம் இருப்பது பிஸ்கட். அமோனியம் பைகார்பனேட் என்று ஒன்று இருக்கிறது, கடை பிஸ்கட் உறைகளில் 503 என்ற எண்ணில் வரும். சோடியமும் இல்லை, பொட்டாசியமும் இல்லை, பாஸ்பேட்டும் இல்லை. சூட்டில் முழுதாக ஆவியாகிவிடும். அந்த ஆவியில் அமோனியாவும் உண்டு என்பதால் தடிமனான கேக்குக்கு ஆகாது, உள்ளே வாடை தங்கிவிடும். மெல்லிய, மொறுமொறுப்பான பண்டத்துக்கு ஏற்றது. பேக்கரிக்காரர்களுக்குச் சாமான் விற்கும் கடையில் கால் கிலோ வாங்கி வைத்திருக்கிறேன். டயட்டீஷியனிடம் கேட்டுவிட்டு, வெண்ணெய் பிஸ்கட்டில் தொடங்கப் போகிறேன்.